ட்ரங்க் கால் போர்டிலிருந்து வி.ஆர்.எஸ். வரை: ஒரு டெலிபோன் ஆபரேட்டரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1981-ல், இருபது வயதில், தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 2020 ஜனவரி 31 அன்று வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நடுவில் முப்பத்தெட்டு வருஷம் சொச்சம். கல்யாணப் பந்தியிலோ பேத்தியின் பள்ளி வாசலிலோ யாராவது "எங்க வேலை பாத்தீங்க?" என்று ஆரம்பித்தால், அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தினம் தினம் சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சித்தி, டெலிபோன் ஆபீஸ்னா நீங்க கம்பம் எல்லாம் ஏறுவீங்களா?

இல்லை. கம்பம் ஏறுவது லைன்மேன். எக்ஸ்சேஞ்சுக்குள் மிஷினைப் பார்த்துக்கொள்வது மெக்கானிக்கும் இன்ஜினியரும். நான் ஆபரேட்டர். ஓர் ஊரில் இருப்பவரை இன்னோர் ஊரில் இருப்பவரோடு பேச வைப்பது என் வேலை. முதல் பதினைந்து வருஷம் போல ட்ரங்க் போர்டு, அதாவது வெளியூர் கால்களை இணைக்கும் பலகை, அப்புறம் நம்பர் கேட்பவர்களுக்கான 197 விசாரணை, அப்புறம் 198 புகார், கடைசியில் வாடிக்கையாளர் சேவை மையம். ஒரே துறையில்தான் இருந்தேன், ஆனால் நாலு வேலை பார்த்திருக்கிறேன்.

நம்பரைச் சுத்தினா போன் போகுது. நடுவுல ஆள் எதுக்கு?

உள்ளூருக்குள் அப்படித்தான் போகும். நீங்கள் டயலைச் சுற்றச் சுற்ற, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஸ்ட்ரௌஜர் மிஷின் டக் டக் டக்கென்று படியேறி அந்த எண்ணைப் பிடிக்கும். வெளியூர் என்றால் அப்படி முடியாது. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேராக நம்பர் சுற்றும் வசதிக்கு எஸ்.டி.டி. என்று பெயர். இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. அது சின்ன ஊர்கள் வரை பரவ முப்பது வருஷம் பிடித்தது. அதுவரை 180-ஐச் சுற்றி ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும்.

புக்கிங்கில் இருப்பவள் உங்கள் நம்பர், வேண்டிய ஊர், வேண்டிய நம்பர் மூன்றையும் ஒரு சின்ன டிக்கெட்டில் எழுதுவாள். அந்தச் சீட்டு போர்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வரும். எனக்கு முன்னால் ஆளுயரப் பலகை, அதில் வரிசை வரிசையாக ஜாக் என்கிற துளைகள். மேசையில் ஜோடி ஜோடியாக கார்டு, அதாவது துணி பின்னிய வயர், முனையில் பித்தளை பிளக். ஒரு பிளக்கை மெட்ராஸ் லைனில் சொருகி அங்கே இருக்கும் ஆபரேட்டரிடம் நம்பர் சொல்வேன். அவள் அந்தப் பார்ட்டியைப் பிடித்துக் கொடுத்ததும், ஜோடியின் மறு பிளக்கை உங்கள் ஜாக்கில் சொருகி மணி அடிப்பேன். "ட்ரங்க் கால், மெட்ராஸ், பேசுங்க." டிக்கெட்டில் நேரம் எழுதுவேன். பேசி முடித்ததும் விளக்கு எரியும், பிளக்கை உருவுவேன். உருவிய கார்டு கனத்தில் தானாக மேசைக்குள் இறங்கும். அந்தச் 'சரக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சொல்லும்போது ஒரு கால்தான். கை செய்யும்போது ஏழெட்டு ஒன்றாக ஓடும். ஒன்று மணி அடித்துக்கொண்டிருக்கும், ஒன்று மூன்றாவது நிமிஷத்தில் இருக்கும், ஒன்றில் கும்பகோணம் ஆபரேட்டர் திட்டிக்கொண்டிருப்பாள்.

அர்ஜென்ட் கால், லைட்னிங் கால், பி.பி. கால்னு தாத்தா சொல்வாரே, அது என்ன?

சாதாரண கால் வரிசைப்படி போகும். காலையில் புக் செய்தால் சாயங்காலம் கிடைத்தாலும் கிடைக்கும். அர்ஜென்ட் என்றால் வரிசையில் முந்தும், காசு இரட்டிப்பு. லைட்னிங் எல்லாவற்றுக்கும் மேலே, கட்டணமும் பல மடங்கு. சாவு, விபத்து, பெரிய வியாபாரம் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

பி.பி. என்பது குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு என்கிற ஏற்பாடு. தெருவுக்கு ஒரு போன் இருந்த காலம். மளிகைக் கடை நம்பருக்கு பி.பி. புக் செய்து "மாடி வீட்டு சரோஜா" என்று பெயர் கொடுப்பார்கள். கடைப் பையன் ஓடிப்போய்க் கூட்டி வருவான். ஆள் இல்லையென்றால் பேச்சுக்குக் காசு விழாது. அதில் நம் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். "ராமசாமி இருக்காரா?" என்று பி.பி. போடுவார்கள். அந்த வீட்டில் ராமசாமி என்று யாருமே கிடையாது. "இல்லை" என்று பதில் வரும். மகன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம்! எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவோம்.

மூணு நிமிஷம் ஆனா நடுவுல புகுந்து கட் பண்ணிடுவீங்களாமே?

மூன்று நிமிஷம் ஒரு கணக்கு. முடியும்போது கீயை, அதாவது லைனுக்குள் கேட்கவும் பேசவும் வைத்திருக்கும் சுவிட்சைத் தட்டி "த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?" என்று கேட்பது கடமை. கேட்காமல் விட்டால் பில்லைப் பார்த்து உங்கள் அப்பாதான் சண்டைக்கு வருவார். முக்கால்வாசிப் பேர் அந்த மூன்று நிமிஷத்தில் இரண்டை "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே செலவழிப்பார்கள். லைன் கரகரவென்று இருந்தால் நானே நடுவில் நின்று ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். "ஞாயித்துக்கிழமை வராங்களாம், சாமான் வாங்கி வைக்கச் சொல்றாங்க."

இந்த வேலைக்கு ஏன் பொம்பளைங்க? குரல் இனிமைக்காகவா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அமெரிக்காவில் தந்தி ஆபீஸ் பையன்களைத்தான் போர்டில் உட்கார வைத்தார்கள். பையன்கள் சந்தாதாரர்களோடு மல்லுக்கு நின்றார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர் அவர்தான். அதே நாளில் சில மணி நேரம் கழித்து அவர் சகோதரி ஸ்டெல்லாவும் சேர்ந்தார். எம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தார். பொறுமை, பேச்சு என்று காரணம் சொன்னாலும், பெண்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்பதும் அதில் சேர்த்திதான்.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை எக்ஸ்சேஞ்சுகள் 1882 ஜனவரியில் முறைப்படி தொடங்கின. சுதந்திரத்துக்கு முன்பு பெருநகர போர்டுகளில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் அதிகம். எனக்குப் பயிற்சி தந்த சீனியர் ஒருவரும் அந்த வழிதான். "நம்பர் ப்ளீஸ்" சொல்லும்போது "ப்ளீஸ்" மேலே ஏறக் கூடாது, கீழே இறங்கணும் என்பார். ஏறினால் கெஞ்சுகிற மாதிரி இருக்குமாம், இறங்கினால் எதிராளி மறுபேச்சு இல்லாமல் நம்பரைச் சொல்வாராம். செய்து பாருங்கள், உண்மை. ஆனால் குரலை வைத்து யாரும் ஆபரேட்டராக முடியாது. எந்த ஊருக்கு எந்த வழியில் போனால் சீக்கிரம் கிடைக்கும், எந்த டிக்கெட்டை முதலில் எடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவு பண்ணத் தெரிய வேண்டும். அதுதான் வேலை. ஆண் ஆபரேட்டர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

வேலை எப்படிக் கிடைச்சது? சிபாரிசா?

மார்க்குதான். படிப்பு மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் பயிற்சி முடித்தவர்களை ஆர்.டி.பி. என்று ஒரு பட்டியலில் வைத்து, மணிக்கணக்குக் கூலியில் கூப்பிட்டு, காலியிடம் வந்ததும் நிரந்தரம் ஆக்குவார்கள். இன்று போனால் இன்றைக்குக் கூலி. என் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டில் "பர்மனென்டா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். என் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார்கள்.

ஒட்டுக் கேட்டிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க மேடம்.

காதில் விழுந்திருக்கிறது. லைன் ஓடுகிறதா, அறுந்துவிட்டதா என்று கீயைத் தட்டிப் பார்க்காமல் இந்த வேலை செய்ய முடியாது. தட்டினால் அரை வாக்கியம் காதில் விழும். உட்கார்ந்து கதை கேட்க நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, செய்தியை இடைமறித்தாலோ வெளியே சொன்னாலோ ஊழியருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்றது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பயிற்சியின் முதல் நாளே அந்த 26-ஐத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒன்று சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் கிடையாது. ஒரு நாள் பம்பாய் பக்கத்து ஆபரேட்டர் எனக்கு லைன் கொடுக்கும் முன்னால், "பாத்துக் கனெக்ட் பண்ணுங்க, சாவுச் செய்தி" என்றாள். போனை எடுத்தது ஒரு சின்னப் பெண். "வீட்ல பெரியவங்க இருக்காங்களாம்மா? கூப்பிடு" என்று சொல்லி, ஒரு ஆண் குரல் வரும்வரை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருந்தேன். இதற்கு விதி எதுவும் கிடையாது. ஆபரேட்டர்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்டது.

சிங்கப்பூர், மலேசியா கால் எல்லாம் எப்படிப் போகும்?

நேராகப் போகாது. நாங்கள் புக் செய்து மேலே அனுப்புவோம், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் வழியாகக் கிடைக்கும். 1971-ல் புனே பக்கம் ஆர்வியில் செயற்கைக்கோள் நிலையம் வந்தது. நான் சேர்ந்த 1981-ல்தான் சென்னைக்கும் பினாங்குக்கும் கடலுக்கடியில் கேபிள் போட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மாசம் ஒரு கடிதத்தில் இருந்த குடும்பங்கள்.

ராத்திரி டூட்டி உண்டா? வீட்ல எப்படி விட்டாங்க?

எங்கள் எக்ஸ்சேஞ்சில் பெண்களுக்குக் காலை ஆறிலிருந்து ராத்திரி பத்துக்குள்தான் டூட்டி. ராத்திரி முழுக்க ஆண்கள். கொடுமை ராத்திரி டூட்டி இல்லை, ஸ்ப்ளிட் டூட்டி. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். நடுவில் வீட்டுக்கு ஓடிச் சமைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, திரும்ப ஓடி வரணும். ஒரு நாளைக்கு நாலு தடவை டவுன் பஸ். என் மாமியார் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் நான் மூன்றாவது வருஷமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். "அவ உத்தியோகம் பாத்து நீ என்ன சொகத்தைக் கண்ட?" என்று அவரை ஊரில் கேட்டவர்கள் உண்டு. "பத்தாந் தேதி வந்து பாரு" என்பார் அவர். பத்தாம் தேதி நான் அவருக்கு வாங்கி வரும் கதம்பத்தையும் கால் கிலோ மைசூர்பாவையும் சொல்கிறார்.

மறக்க முடியாத நாள் எது?

1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். விடியற்காலையில் இறந்தார். நான் ஆறு மணி டூட்டிக்குப் போனபோது ராத்திரி ஆள்கள் எழுந்திருக்கவே இல்லை. போர்டு முழுக்க விளக்கு. ஓர் ஆபரேட்டருக்கு எரிகிற விளக்கு என்றால் யாரோ கூப்பிடுகிறார், இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு எரியாத விளக்கைத் தேடினாலும் கிடைக்கவில்லை. மெட்ராஸுக்கு இருந்த லைன்களோ விரல் விட்டு எண்ணலாம். எல்லாரும் லைட்னிங் கேட்டார்கள். எல்லாமே லைட்னிங் என்றால் லைட்னிங்குக்கு என்ன அர்த்தம்?

சூப்பர்வைசர் அம்மா எழுந்து நின்று, புது புக்கிங்கை மெதுவாக்கச் சொன்னார். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில்வே முதலில். அப்புறம் மற்றவர்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம், எக்ஸ்டென்ஷன் கிடையாது. டிக்கெட்டில் கணக்கு எழுதுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், முதலில் மணியடிக்கிறதை எடுங்கள் என்றார். பஸ் நின்றுவிட்டதால் மதியம் எங்களை மாற்ற ஆள் வரவில்லை. முன்பு சொன்ன ராத்திரி பத்து மணி விதி அன்று செல்லவில்லை, விடிய விடிய உட்கார்ந்தோம். ஹெட்செட் அழுத்திக் காதோரம் தடித்துவிட்டது. யாரோ அண்டாவில் ரவா உப்புமா கிண்டி எடுத்து வந்தார்கள். ஒரு கையில் பிளக், ஒரு கையில் உப்புமா.

எஸ்.டி.டி. வந்ததும் வேலை போயிடுச்சா?

வேலை மாறியது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சொல்லப்போனால் ஆபரேட்டரை ஒழிக்கத்தான் அந்த 'டக் டக்' மிஷினே பிறந்தது. ஆல்மன் ஸ்ட்ரௌஜர் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக்காரர் வீட்டுப் பெண் ஆபரேட்டராக இருந்து தனக்கு வரும் கால்களை அங்கே திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டாராம். ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்சை யோசித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். சந்தேகம் நிஜமோ பொய்யோ, காப்புரிமை நிஜம்.

அதற்குப் பிறகும் எங்கள் தேவை நூறு வருஷம் இருந்தது. 1984-ல் சி-டாட் என்கிற அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் தொடங்கி, 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அவர்களுடைய முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு எஸ்.டி.டி. கிராமம் கிராமமாகப் போனது. மஞ்சள் எழுத்து பூத்துகள் வந்தன. எங்கள் போர்டில் டிக்கெட் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் பலகையைக் கழற்றினார்கள். என்னை 197-க்கு மாற்றினார்கள். அங்கே கஷ்டம் வேறு தினுசு. "ஜவுளிக்கடை ராமமூர்த்தி நம்பர் குடுங்க." டைரக்டரியில் இரண்டு பக்கம் ராமமூர்த்தி! இனிஷியல் தெரியாது, தெரு தெரியாது, "கோயிலுக்கு எதுத்தாப்ல" என்பது மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் உங்களை விட நல்லா செய்யுதுதானே?

வேகத்தில் ஆமாம். ஆனால் ஆரம்பகாலத்தில் அதற்கும் ஒரு டிசம்பர் 24 பிரச்சினை இருந்தது. கால்கள் வெள்ளமாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்துத் திணறி நின்றுவிடும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் எர்னா ஹூவர் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் அங்கே சேர்ந்த அவர், தத்துவமும் கணிதத்தின் அடிப்படைகளும் படித்து யேலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இரண்டாவது பெண் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இதற்கு வழி யோசித்து வரைந்தார். எத்தனை கால் வருகிறது என்று மிஷின் தானே கவனிக்க வேண்டும். கூட்டம் மிஞ்சினால் புதிதாக எடுப்பதைக் குறைக்க வேண்டும். பேச்சை இணைப்பது முதல் வேலை, பில் கணக்கு எழுதுவது பிறகு. 1971-ல் காப்புரிமை கிடைத்தது. மென்பொருளுக்குக் கிடைத்த முதல் சில காப்புரிமைகளில் அது ஒன்று. 1987-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொன்னதை மேலே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அவர் எழுந்து நின்று வாயால் சொன்னதை இந்த அம்மா மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால்தான் ஆபரேட்டர் வேலையை 'வயர் சொருகுற வேலை' என்று யாராவது சொன்னால் எனக்கு ஏறிவிடும்.

பெல்லோட காதலி பேரு மார்கரெட் ஹலோவாமே, அதனாலதான் ஹலோ சொல்றோமாம்?

வருஷத்துக்குப் பத்துப் பேர் எனக்கு இதை ஃபார்வர்டு செய்கிறார்கள். பொய். பெல்லின் காதலியும் மனைவியும் மேபல் ஹப்பர்ட். பெல் சொல்ல விரும்பியது "அஹோய்". ஹலோவைப் பிடித்துக்கொண்டவர் எடிசன்.

முப்பத்தெட்டு வருஷமும் ஆபரேட்டரா? ப்ரமோஷனே இல்லையா?

பதினாறு வருஷத்தில் ஒரு உயர்வு, இருபத்தாறு வருஷத்தில் இன்னொன்று என்று திட்டம் இருந்தது, கிடைத்தது. டெலிபோன் ஆபரேட்டர், அப்புறம் டெலிகாம் ஆபரேட்டிங் அசிஸ்டென்ட், அப்புறம் சீனியர். பெயர்ப் பலகை நீண்டுகொண்டே போனது. என்னோடு சேர்ந்த இரண்டு பேர் இலாகா பரீட்சை எழுதி ஜூனியர் டெலிகாம் ஆபீசர் ஆனார்கள். நான் எழுதவில்லை. பாஸ் ஆனால் வெளியூர் போஸ்டிங் வரும், பிள்ளைகள் பத்தாவதும் எட்டாவதும் படித்தார்கள். அதே வருஷம் என் கணவர் அவருடைய ஆபீசில் பரீட்சை எழுதினார். அவரிடம் யாரும் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அப்ப நீங்க கவர்ன்மென்டா, கம்பெனியா? பென்ஷன் யார் தராங்க?

குழப்பம் நியாயமானது. நான் சேர்ந்தது தபால் தந்தித் துறையில். 1985-ல் தபால் தனியாகவும் தொலைத்தொடர்பு தனியாகவும் பிரிந்தன. 2000 அக்டோபர் 1 முதல் பாரத் சஞ்சார் நிகாம், அதாவது பி.எஸ்.என்.எல். நாற்காலி மாறவில்லை, சம்பளச் சீட்டின் தலைப்பு மாறியது. துறையிலிருந்து கம்பெனிக்கு மாறிச் சேர்க்கப்பட்டவர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் 37-ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். அதன்படி பென்ஷன் மத்திய அரசுதான் தருகிறது. கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் என் பேச்சை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

ரிட்டயர்மென்டுக்குக் கொஞ்ச நாள்தானே இருந்தது, எதுக்கு வி.ஆர்.எஸ்.?

2019 கடைசியில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் திட்டம் வந்தது. நாடு முழுக்க எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், எல்லாரும் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தோம். எனக்கு ஒரு வருஷம் சொச்சம்தான் பாக்கி, முட்டி வலி வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஐம்பது வயதில் பிள்ளை படிப்பும் வீட்டுக் கடனும் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது வேறு கணக்கு. ஒரே ஆளுக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அன்று பிரிவு உபசாரத்துக்கு மாலை போட ஆள் பற்றாமல் ஓய்வு பெற்றவர்களே ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டோம்.

அந்தப் பழக்கம் ஏதாவது இன்னும் மிச்சம் இருக்கா?

நம்பரை ஒரு தடவை கேட்டால் போதும், திருப்பிக் கேட்க மாட்டேன். எஸ்ஸா எஃப்பா என்று யாராவது தடுமாறினால் என்னை அறியாமல் "ஏ ஃபார் ஆக்ரா, பி ஃபார் பாம்பே" என்று ஆரம்பித்துவிடுவேன். இடது காதில் போன் வைத்துப் பேச வராது.

மகள் டொரன்டோவில் இருக்கிறாள். ஞாயிறு காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் பேசுவாள், காசே கிடையாது. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். வீடியோவில் அவளுக்குத் தெரிந்துவிடும். "என்னம்மா, ஓவரா? எக்ஸ்டென்ட் பண்ணு" என்பாள்.